ரெட்டைக் கார்டின் மறுபாதி

தபாலாபீஸ் உத்தியோகம் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: எங்கோ இருக்கிறவன் எழுதாத கடிதத்துக்கு இங்கே இருக்கிறவன் வசவு வாங்குவது. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் காலம் தள்ளிய என் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "எனக்குக் கடுதாசி வரலையா?" என்று கேட்கிறவன் முகத்தில் ஒரு சந்தேகம் நிற்கும், அதை நாம்தான் மடியில் முடிந்து வைத்திருக்கிறோம் என்று. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் போஸ்ட்மாஸ்டராக இருந்தது, மலைக்கு மேலே பெரியாற்றுக்கு அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில். ஆபீஸ் என்று பேர்தான் பெரிசு. ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரை, ஒரு தபால்காரர், தபால் பையைச் சுமந்து ஓடுகிற ஒரு ரன்னர், அப்புறம் நான். அந்த ஆபீசுக்குத்தான் ஒருநாள் வெளிதேசத்துக்குப் போடுகிற ரெட்டைக் கார்டு ஒரு கட்டு வந்து இறங்கியது.

இரண்டு கார்டு, மேல்விளிம்பில் ஒட்டி, மடித்த வாக்கில் இருக்கும். முதல் பாதியில் நாம் எழுதி அனுப்ப வேண்டியது. மறுபாதி வெறுமையாகக் கூடவே போகும். அதைக் கிழித்தெடுத்துப் பதில் எழுதி, அங்கேயே தபாலில் போட்டுவிடலாம். அந்தப் பதிலுக்கான தபால்கூலியையும் இங்கேயே கட்டியாகிவிட்டது. சாதாரணமாக நம் தேசத்து ஸ்டாம்பை வேறு தேசத்தில் ஒட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த மறுபாதியில் அச்சிட்டிருக்கும் நம் மகாராணி தலையை மட்டும் பிரான்சிலும் ஒத்துக்கொள்வார்கள், மொரீசுத் தீவிலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியென்று எல்லா தேசத்துச் சர்க்காரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். கார்டோடு வந்த சர்க்குலரை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை எழுந்து நின்று படித்தேன். என்னடா இது, மனுஷனால் ஆகிற காரியமா என்று மலைப்பாக இருந்தது.

கம்பம் படி, போடி படி

ஒரு வருஷம் அந்தக் கார்டுக் கட்டை யாரும் சீந்தவில்லை. முதலில் வந்தவர் மொக்கையன். மலையடிவாரத்தில் சோளமும் எள்ளும் போடுகிற விவசாயி. கூட அவர் மனைவி வெள்ளையம்மா. பேச்செல்லாம் அந்த அம்மாள்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி சுருளி கரும்பு வெட்ட மொரீசுக்குக் கப்பலேறினான். போகும்போது, அப்போது ஐந்து வயசாயிருந்த அக்காள் மகள் பேச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இவளுக்கு நான்தேன் தாலி கட்டுவேன். வந்துருவேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போனான். எங்கள் பக்கம் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. அவன் வாயால் விட்டுக்கொடுக்காமல் இன்னொருவன் அந்தப் பெண் கழுத்தில் மஞ்சக்கயிறு கட்டிவிட முடியாது.

பேச்சிக்கு இப்போது பத்தொன்பது வயசு. தேவதானப்பட்டியில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையனுக்கும் இஷ்டம், பெண்ணுக்கும் இஷ்டம். ஆனால் தாய்மாமன் விட்டுக்கொடுத்த சேதி வந்தால்தான் தாலி என்று பையனின் தகப்பனார் சொல்லிவிட்டார். தை பிறக்கும் வரை பொறுப்பார்கள். அதற்குள் வரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். மொரீசிலிருந்து திரும்பி வந்த ஓர் ஆள் சுருளியைப் பார்த்ததாகச் சொல்லித் தோட்டத்தின் பேரையும் கொடுத்திருந்தார். அந்தப் பேருக்கு மூன்று கடிதம் போட்டும் ஒரு பதில் இல்லை.

"அவனுக்கு எழுதவும் தெரியாது, ஸ்டாம்பு எங்கன விக்கிதுன்னும் தெரியாது. எப்படி வரும்?" என்றாள் வெள்ளையம்மா. நான் ரெட்டைக் கார்டை எடுத்து விரித்துக் காட்டி, ஸ்டாம்பு ஏற்கெனவே இதிலேயே இருக்கிறது, உலகத்தில் பாதி தேசம் இதற்குச் சம்மதித்திருக்கிறது என்று சொன்னேன். மொக்கையன் கார்டைக் கையில் வாங்கவே பயந்தார். தூரத்தில் நின்றபடியே மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோளம் அளக்கையில கம்பம் படியும் போடி படியும் இன்னும் ஒத்துவர மாட்டேங்குது, மாஸ்டரய்யா. ஒலகம் பூராவும் ஒரு அட்டைக்கு ஒத்துவந்துட்டாகளா!"

கைப்பட ஒரு சொல்

எழுதுகிற அன்று தேவதானப்பட்டிக்காரரும் வந்துவிட்டார். அதாவது பையனின் தகப்பனார். நல்ல மனுஷர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். இடுப்பில் சுண்ணாம்பு டப்பி, வாய் நிறைய வெற்றிலை. "பதிலு அவுக கைப்பட வரணும். யாரோ எழுதின கடுதாசிய நம்பித் தாலியக் கட்டிப்புட்டு, நாளைக்கு அந்த மனுசன் வந்து எறங்கி, எம் பொண்ணு எங்கேன்னு கேட்டா நான் எங்கன போயி மூஞ்சிய வச்சுக்கிருவேன்?" என்றார். "எழுதத் தெரியாதவரிடம் கைப்படக் கேட்கிறீர்களே, இதில் என்னய்யா நியாயம்?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அசையவில்லை. கைப்பட என்றால் கைப்பட.

வெள்ளையம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "தம்பி, பேச்சி வளர்ந்துவிட்டாள். நீ வருவதானால் வா. வரவில்லையானால் உன் கைப்படச் சொல்லிவிடு. வேறு யாரும் எழுதித் தந்தால் இங்கே செல்லாது." அவ்வளவுதான். மறுபாதியில் எங்கள் ஊர் விலாசத்தை இங்கிலீஷில் என் கையாலேயே எழுதினேன். அங்கே அதை எழுதித் தரவும் ஆள் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? இனி அவன் செய்ய வேண்டியதெல்லாம் கார்டைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவது மட்டும்தான்.

பேச்சி ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். மாமா முகமாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். உனக்கு என்ன பதில் வரவேண்டும் அம்மா என்று, கேட்கக்கூடாததையும் கேட்டுவிட்டேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "வாரேன்னு சொன்னாலும் சரி, வரலைன்னு சொன்னாலும் சரி. ஒண்ணுமே சொல்லாம வச்சிருக்காகளே, அதுதான் தாங்க முடியலை."

திருத்தி வந்த பொய்

கார்டு ஆனி மாசம் போனது. அம்மையநாயக்கனூர் ரயிலடி வரைக்கும் ரன்னர், அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடி, பிறகு கொழும்பு, பிறகு கடவுளுக்குத்தான் வெளிச்சம். மொக்கையன் வாங்கிய சேதி பரவி, நாலு பேர் ரெட்டைக் கார்டு கேட்டு வர ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் சவரிமுத்து வாத்தியார். அவருடைய ஊரில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் மாதா கோயில்காரர்கள். அங்கே இருபது வருஷம் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் உடம்பு முடியாமல் பிரான்சுக்கே திரும்பிப் போயிருந்தார். அவருக்கு எழுதத்தான் கார்டு.

வாத்தியார் எழுதிக் கொண்டுவந்ததை வாங்கிப் பார்த்தால் இரண்டு பாதியிலும் எழுத்து! மறுபாதியில், சாமியார் எழுதுகிற மாதிரியே, "அன்புள்ள சவரிமுத்து, நான் பூரண சுகம். உங்கள் எல்லோருக்காகவும் ஜெபிக்கிறேன்" என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். என்னய்யா இது என்றால், "வயசானவுக. எழுதக் கை நடுங்கும். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பட்டும்" என்கிறார். இப்படிப்பட்ட மரியாதையை எந்தச் சர்க்குலரில் தேடுவது? தடுக்க விதி இல்லாததால் முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாசத்தில் மறுபாதி திரும்பி வந்தது. நம் மகாராணியின் தலைமேல் பிரெஞ்சுக்காரன் முத்திரை உட்கார்ந்திருந்தது. "பூரண சுகம்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஒரு கோட்டால் அடிபட்டிருந்தது. அதற்கு மேலே நடுங்கின கையால், தமிழில், "சுகமில்லை. மற்றதெல்லாம் சத்தியம்" என்று எழுதியிருந்தது. சவரிமுத்து வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொய் சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவுக, நான் எழுதிக்குடுத்த பொய்யையும் திருத்தி அனுப்பிட்டாக, மாஸ்டரய்யா."

கோம்பைச் செவலை

கோம்பை ஊர் வேட்டைநாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரர் ராசு, அணை வேலையில் இருந்த ஒரு துரைக்குத் தன் செவலை நாயைக் கொடுத்துவிட்டார். துரை வேலை முடிந்து சீமைக்குப் போகும்போது நாயையும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார். ராசுவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "அது தின்னுச்சா தின்னலையான்னு மட்டும் கேட்டு எழுதுங்க" என்று வந்து நின்றார். எழுதினேன்.

பதில் இங்கிலீஷில் வந்தது. படிக்கப் படிக்க எனக்கே நம்ப முடியவில்லை. நாய் நலம். நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் தமிழில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறது. அதனால் துரைசானியும் பிள்ளைகளும் "வா, போ, உட்கார்" எல்லாம் கற்றுக்கொண்டு பேசுகிறார்கள். பனி கொட்டுகிற தேசத்தில், ஒரு கோம்பை நாய்க்காக வெள்ளைக்காரக் குடும்பமே தமிழ் பேசுகிறது! கடைசியில் ஒரு சங்கதி. போன வாரம் அது அங்குள்ள தபால்காரரின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுவிட்டதாம். பிடித்ததை விடச் சொல்ல நீர் என்ன வார்த்தை பழக்கியிருக்கிறீர், தயவுசெய்து உடனே எழுதவும் என்று இருந்தது.

கார்டு வந்து சேரவே ஒரு மாசமாகியிருந்தது. முகம் தெரியாத அந்தச் சகோதரத் தபால்காரரை நினைத்து அப்போதே பேனாவை எடுத்து மையில் தோய்த்தேன். சீக்கிரம் சொல்லுமய்யா, அந்த வார்த்தை என்ன என்று ராசுவை அவசரப்படுத்தினேன். ராசு கொஞ்சமும் பதறவில்லை. முகமெல்லாம் பெருமை. "விடச் சொல்லி நான் பழக்கவே இல்லையே, மாஸ்டரய்யா! பிடிக்கத்தான பழக்குனேன்."

தலையில் ஏறிய பை

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, மொரீசிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. ஐப்பசி போனது. தபால் வருகிற நாளெல்லாம் வெள்ளையம்மா வந்து ஜன்னல் முன்னால் நிற்பாள். வாயைத் திறந்து கேட்க மாட்டாள். நான் பையைக் கொட்டிப் பிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவாள். வசவுகூட வாங்கிவிடலாம், அந்த நிற்பை வாங்க முடியாது. சில நாள் அவள் வருவதற்கு முன்பே பையைப் பிரித்துவிடலாமா என்று இருக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்தது பாருங்கள், வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. இரண்டு நாள் தபால் வரவில்லை. மூன்றாம் நாள் ரன்னர் கழுத்து வரைக்கும் தண்ணீரில் நடந்து, பையைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆள் தொப்பலாக நனைந்து நடுங்குகிறார், பை மட்டும் காய்ந்திருக்கிறது. ஏனய்யா, தண்ணீர் வடிந்தபின் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள், உசிரை விட்டிருப்பீரே என்று திட்டினேன். அந்தப் பையிலும் மொரீசுக் கார்டு இல்லை. ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவர் பதில் சொல்லிவிட்டார்: "நான் நனைஞ்சா காஞ்சிருவேன். பேச்சி கார்டு நனைஞ்சா யாரு காய வைக்கிறது?"

எழுத்தில்லாத கார்டு

மார்கழி முடிய ஐந்து நாள் இருக்கும்போது வந்தது. பையைக் கொட்டியதும் முதலில் கண்ணில் பட்டது என் கையெழுத்து. ஆனி மாசம் இதே மேஜையில் நான் எழுதிய விலாசம், சமுத்திரத்தைத் தாண்டிப் போய், பேர் தெரியாத ஊர்களின் முத்திரையெல்லாம் வாங்கிக்கொண்டு, திரும்ப என் மேஜைக்கே வந்து கிடந்தது. மயிர்க்கூச்செறிந்துவிட்டது எனக்கு. நல்லவேளை, அன்றைக்கு வெள்ளையம்மா இன்னும் வந்திருக்கவில்லை. கார்டைத் திருப்பினேன்.

ஒன்றும் இல்லை. ஒரு எழுத்து இல்லை. வெற்றுக் கார்டு. மூலைகளில் மட்டும் பழுப்பாக அழுக்கு, எந்த ஊர்த் தபால்காரன் கையோ. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஆள் இறந்துபோய் யாரோ தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வெறுமனே பெட்டியில் போட்டுவிட்டானோ? எனக்குத் துணிச்சல் வரவில்லை. கார்டை டிராயரில் போட்டு மூடினேன். சிறிது நேரத்தில் வெள்ளையம்மா வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று கையை விரித்தேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் வந்த தபாலை வரவில்லை என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிட்டு இரண்டு நாள் அந்த டிராயரை நான் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் தேவதானப்பட்டிக்காரரே வந்துவிட்டார், தை பிறந்துவிட்டால் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போக. மொக்கையன் குடும்பம் மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள். பேச்சி தலை குனிந்து நின்றாள். பார்க்கச் சகிக்கவில்லை. டிராயரைத் திறந்து கார்டை எடுத்து வைத்து, நான் மறைத்ததையும் சொல்லி, கையைக் கூப்பினேன். "ஆனால் இதில் எழுத்து எதுவும் இல்லை அம்மா" என்றேன்.

வெள்ளையம்மா கார்டை வாங்கினாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தாள். சட்டென்று தேவதானப்பட்டிக்காரர் பக்கம் திரும்பி, "அந்தச் சுண்ணாம்பு டப்பியக் குடுங்க" என்றாள். அவர் திகைத்துப் போய்க் கொடுத்தார். விரல் நுனியில் துளி சுண்ணாம்பு எடுத்து, கார்டின் ஒரு மூலையில் தடவினாள். நான் அழுக்கு என்று நினைத்த பழுப்பு, எங்கள் எல்லோர் கண் முன்னாலும், குங்குமமாகச் சிவந்தது.

மஞ்சள்! கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலைக்கும் மஞ்சள். எழுத்தைத் தேடித் தேடி, மஞ்சள் இருந்த இடத்தை அழுக்கு என்று தள்ளிவிட்டிருக்கிறேன், படித்த முட்டாள். கல்யாணத்தை நடத்து என்று மனசாரச் சொல்லி அனுப்பியிருக்கிறான் மனுஷன். தான் இனி வரப்போவதில்லை என்பதும் அதே மஞ்சளில்தான் இருந்தது. அதையும் அந்த அம்மாள் படித்துவிட்டாள் என்பது அவள் உதடு துடித்ததில் தெரிந்தது. பேச்சி கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகம் ஞாபகமில்லாத மாமாவுக்காக விம்மி விம்மி அழுதாள்.

தேவதானப்பட்டிக்காரர் மட்டும் பிடியை விடவில்லை. "மஞ்சள்தேன், ஒத்துக்கிறேன். ஆனா இது அவுக கைதேன்னு எப்படிச் சொல்றது? யாரு வேணாலும் தடவலாம்ல?" என்றார்.

வெள்ளையம்மா சுண்ணாம்பு படாத மூலையை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சளில் பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அதன் குறுக்கே மஞ்சள் ஒட்டாமல் ஒரு வெற்றுக் கோடு.

"கருதறுக்கையில எம் பக்கத்துல நின்னு வாயாடிக்கிட்டே இருந்தான். எம் அருவா அவென் பெருவெரல்ல ஏறிருச்சு. இந்த வெட்டுப் போட்டவ நானு. இதுக்கு மேல எவென் கையெழுத்து வேணும் ஒங்களுக்கு?"

தை மாசம் அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்; அன்றிலிருந்து பென்ஷன் வாங்குகிற வரைக்கும், ஒரு கார்டை முழுசாகப் படித்துவிட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.